காட்டிக்கொடுத்தவன் பக்கம் நின்று சொல்லப்பட்ட கதை: 'ஜூடாஸ் அண்ட் தி பிளாக் மெசையா' பற்றி ஒரு விவாதம்

வெண்திரை எழுதியது:

ஷாகா கிங் இயக்கி 2021 பிப்ரவரியில் வெளிவந்த 'ஜூடாஸ் அண்ட் தி பிளாக் மெசையா' படத்துக்கு எழுதப்பட்ட பாராட்டுரைகளில் பெரும்பாலானவை பிரெட் ஹாம்ப்டனாக வரும் டேனியல் கலூயாவின் நடிப்போடு நின்றுவிடுகின்றன. அந்த நடிப்பில் எனக்கும் குறை இல்லை. 1969 டிசம்பர் 4ஆம் நாள் விடியுமுன் சிகாகோவில் தம் வீட்டுப் படுக்கையறையில் சுட்டுக்கொல்லப்பட்டவர், அமெரிக்கக் கறுப்பினத்தாரின் கருஞ்சிறுத்தைக் கட்சியின் இல்லினாய் மாநிலத் தலைவர் பிரெட் ஹாம்ப்டன். அவருடைய கதையை, அவரை எஃப்.பி.ஐ. என்னும் அமெரிக்கப் புலனாய்வுத் துறைக்குக் காட்டிக்கொடுத்த வில்லியம் ஓ'நீலின் பக்கம் நின்று சொல்வது என்று இயக்குநர் எடுத்த முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. அந்த முடிவு படத்தின் விறுவிறுப்பைக் கூட்டியிருக்கிறதே தவிர, இயக்கத்தைப் பற்றிய நம் அறிவைக் கூட்டவில்லை.

இப்படிச் சொல்லப்படும் கதையில் பார்வையாளனின் கவலையெல்லாம் 'இவன் எப்போது பிடிபடுவான்' என்பதாகச் சுருங்கிவிடுகிறது. சிகாகோவை அடுத்த மேவுட் நகரில் கறுப்பினப் பிள்ளைகளும் குளிப்பதற்குப் பொது நீச்சல் குளம் வேண்டும் என்று கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் இளைஞர் அணியைத் திரட்டிய பள்ளிப் பருவத்து ஹாம்ப்டனுக்குப் படத்தில் இடமில்லை. சிகாகோவின் அப்டவுன் பகுதியில் வாழ்ந்த வெள்ளையின ஏழைகளின் 'யங் பேட்ரியாட்ஸ்' அமைப்பையும், போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் 'யங் லார்ட்ஸ்' அமைப்பையும் கருஞ்சிறுத்தைகளோடு ஒன்றுசேர்த்த வானவில் கூட்டணி, படத்தில் ஓரிரு காட்சிகளில் முடிந்துவிடுகிறது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடி தொங்கும் கூடத்தில் ஹாம்ப்டன் பேசுகிறார், மனங்கள் இளகுகின்றன. உண்மையில் அந்த உறவுக்கு அடித்தளம் இட்டவர் பாப் லீ என்ற களப்பணியாளர். அவர் அப்டவுன் மக்களின் கூட்டங்களுக்குச் சென்று, அவர்கள் போலீசாரிடம் பட்ட பாட்டைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கையைப் பெற்றார். பொறுமையான அந்த வேலையைக் காட்டுவதற்குப் படத்துக்கு நேரமில்லை. துரோகியின் நெற்றி வியர்வையைக் காட்ட நேரம் இருக்கிறது.

பொன்னி எழுதியது:

வெண்திரை ஐயா அவர்களுக்கு,

நீங்கள் விரும்பும் படத்தை எடுத்திருந்தால் அது இன்னொரு தலைவர் புகழ் பாடும் படமாகவே முடிந்திருக்கும் என்று அஞ்சுகிறேன். பிறந்தார், பேசினார், கொல்லப்பட்டார், பின்னணியில் உருக்கமான இசை. அவ்வகைப் படங்களில் கொன்றவர்கள் எப்போதும் முகமற்ற வில்லன்களாகத்தான் இருப்பார்கள்.

இந்தப் படம் வேறொன்றைச் செய்கிறது என்பதற்கு முதற்பகுதியே சான்று. ஓ'நீல் தொப்பியும் நீள அங்கியும் அணிந்து, போலி அடையாள வில்லையைக் காட்டி, தம்மை எஃப்.பி.ஐ. அதிகாரி என்று சொல்லிக்கொண்டு மதுக்கடையில் இருப்பவரிடமிருந்து காரைப் பறிக்க முயல்கிறார். பிடிபட்ட பிறகு, கத்தியோ துப்பாக்கியோ வைத்துத் திருடாமல் எதற்காக அந்த வில்லை என்று ராய் மிட்செல் என்னும் உண்மையான எஃப்.பி.ஐ. அதிகாரி கேட்கும்போது, துப்பாக்கியைக் காட்டிலும் அதுதான் அச்சமூட்டும் என்று ஓ'நீல் விடை சொல்கிறார். அரசின் அதிகாரம் எப்படிப்பட்டது என்பதை அந்த இளைஞர் ஏற்கெனவே அறிந்திருக்கிறார். அதற்கு அஞ்சுகிறார், அதே வேளையில் அதற்கு ஆசைப்படவும் செய்கிறார். பின்னர் மிட்செல் அவரை உயர்தர உணவகத்துக்கு அழைத்துச் செல்வதும், தம் வீட்டில் உட்காரவைத்து மதுவும் சுருட்டும் தருவதும் அந்த ஆசைக்குப் போடப்படும் தீனி. ஓர் ஒற்றன் எப்படி உருவாக்கப்படுகிறான் என்பதை வெளியிலிருந்து பார்த்து விளங்கிக்கொள்ள முடியாது.

படம் முழுவதும் ஓ'நீலின் பார்வை என்பதும் சரியன்று. கொலை நடக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். சுடும் வேளையில் ஒளிப்படக் கருவி ஹாம்ப்டனிடம் போகவில்லை. ஹாம்ப்டனின் துணைவியும் நிறைமாதக் கர்ப்பிணியுமான டெபோரா ஜான்சனைப் போலீசார் அறைக்கு வெளியே இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள்; அவர் முகத்தை மட்டுமே பார்க்கிறோம். பின்னாலிருந்து வெடிச்சத்தமும், ஆள் இனிப் பிழைக்கமாட்டான் என்ற பொருளில் ஒரு போலீஸ்காரரின் பேச்சும் கேட்கின்றன. அவ்வுரையாடலைத் தாம் காதால் கேட்டதாக டெபோரா ஜான்சன், இன்றைய அகுவா ஞெரி, அரை நூற்றாண்டாகச் சொல்லி வருகிறார். அந்தக் காட்சி ஓ'நீலுடையதன்று, முழுக்க அவருடைய சாட்சியம். டெபோராவாக டொமினிக் ஃபிஷ்பேக் அழாமல் நடித்திருக்கும் அந்த சில நொடிகளுக்காகவே நான் இந்தப் படத்தை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஆவணப்பித்தன் எழுதியது:

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே ஓ'நீலை மையத்தில் வைத்துத்தான் வாதிடுகிறீர்கள். வரலாற்று ஆவணங்களைப் படித்தால் அவர் ஓர் அலுவலகத்தின் கோப்பில் ஒரு பக்கமாகத்தான் தெரிகிறார்.

1968 மார்ச் 4ஆம் நாள் எஃப்.பி.ஐ. தலைமையகத்திலிருந்து கிளை அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை சென்றது. கறுப்பின இயக்கங்களை ஒன்றுபடுத்தி உசுப்பக்கூடிய ஒரு 'மீட்பர்' (மெசையா) எழுவதைத் தடுக்க வேண்டும் என்பது அதில் சொல்லப்பட்ட குறிக்கோள்களுள் ஒன்று. படத்தின் பெயரில் பாதி அங்கிருந்து வந்ததுதான். மார்ட்டின் லூதர் கிங், ஸ்டோக்லி கார்மைக்கேல், எலிஜா முகமது ஆகியோரின் பெயர்கள் அதில் இருந்தன. ஹாம்ப்டன் பெயர் இல்லை. அப்போது அவருக்கு 19 வயது. கருஞ்சிறுத்தைக் கட்சியில் அவர் சேர்ந்ததே அவ்வாண்டின் இறுதியில்தான். ஆக, நாற்காலி முதலில் போடப்பட்டது, அதில் யாரை உட்காரவைப்பது என்பது பிறகு முடிவானது. ஹாம்ப்டன் இல்லையென்றால் இன்னொருவர், ஓ'நீல் இல்லையென்றால் வேறோர் கார் திருடர்.

அந்த அலுவலகம் ஓ'நீலை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பதற்கு ஜெஃப் ஃபோர்ட் கடிதம் சான்று. பிளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ் என்னும் பெரிய தெருக்குழுவின் தலைவரான ஃபோர்ட்டுக்கு, கருஞ்சிறுத்தைகள் அவரைத் தீர்த்துக்கட்டத் திட்டமிட்டிருப்பதாக எச்சரிக்கும் கையெழுத்தில்லாத கடிதம் ஒன்றை 1969 சனவரியில் எஃப்.பி.ஐ. அனுப்பியது. அறிமுகமில்லாத ஒரு கறுப்பினச் சகோதரன் எழுதுவதாக அது புனையப்பட்டிருந்தது. ஃபோர்ட் பழிவாங்கக் கிளம்புவார் என்ற எதிர்பார்ப்பை அதிகாரிகள் தங்கள் உள்குறிப்பில் எழுதியே வைத்தார்கள். படத்தில் வரும் 'கிரௌன்ஸ்' என்ற குழு கற்பனை. அது நிற்பது இந்த ரேஞ்சர்ஸின் இடத்தில்.

இனி 2337, வெஸ்ட் மன்றோ தெரு. ஹாம்ப்டன் வாழ்ந்த அந்த வீட்டின் தரைப்படத்தை ஓ'நீல் தந்த செய்திகளைக் கொண்டு மிட்செல் தயாரித்தார். எந்த அறை, எந்தக் கட்டில் என்பதுவரை அதில் குறிக்கப்பட்டிருந்தது. அது குக் மாவட்ட அரசு வழக்கறிஞர் எட்வர்ட் ஹான்ரஹனின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வலுவலகத்தைச் சேர்ந்த 14 போலீசார், சட்டவிரோத ஆயுதங்களைத் தேடும் ஆணையோடு காலை 4.45 மணியளவில் உள்ளே நுழைந்தார்கள். ஹாம்ப்டனோடு பியோரியாவிலிருந்து வந்திருந்த 22 வயது மார்க் கிளார்க்கும் கொல்லப்பட்டார். போலீசார் 80க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டனர் என்றும், சிறுத்தைகள் தரப்பிலிருந்து சுடப்பட்டதாகக் கொள்ளத்தக்கது ஒரே ஒரு குண்டு என்றும் கூட்டாட்சிப் பெருநடுவர் குழு கண்டறிந்தது. அதே டிசம்பரில், தகவல் தந்தவருக்கு 300 டாலர் ஊக்கத்தொகை வழங்க ஒப்புதல் கிடைத்தது. நம் ஊர் அலுவலகங்களில் பயணப்படிக்குக் கேட்டு எழுதும் அதே வறண்ட மொழியில்தான் அந்தக் குறிப்பும் இருக்கிறது.

நெடுவழி எழுதியது:

ஓர் ஐயம். இரவு உணவின்போது ஹாம்ப்டனுக்கு ஓ'நீல் மயக்க மருந்து கொடுப்பதாகப் படம் காட்டுகிறதே, அது நிறுவப்பட்ட உண்மையா?

ஆவணப்பித்தன் எழுதியது:

நிறுவப்பட்டதன்று. குடும்பத்தின் சார்பில் நடத்தப்பட்ட தனிப் பரிசோதனையில் செகோபார்பிட்டால் என்னும் உறக்க மருந்து இரத்தத்தில் மிகுதியாக இருந்ததாகச் சொல்லப்பட்டது, எஃப்.பி.ஐ. தரப்புச் சோதனை அதை மறுத்தது. அவ்வளவு வெடிச்சத்தத்திலும் அவர் எழுந்திருக்கவில்லை என்பதை உடனிருந்தவர்கள் சொன்னார்கள். மருந்தைக் கலந்தது யார் என்பதற்கு நீதிமன்றத்தில் விடை கிடைக்கவில்லை. படம் ஒரு தரப்பின் முடிவை எடுத்துக்கொண்டிருக்கிறது. நாடகத்துக்கு அது தேவைப்பட்டது போலும்.

நெடுவழி எழுதியது:

நன்றி. நான் சொல்ல வந்தது வேறொன்று. இந்த இழையில் இன்னும் யாரும் அதைத் தொடவில்லை. கொல்லப்பட்டபோது ஹாம்ப்டனுக்கு வயது 21. ஓ'நீலுக்கு ஏறத்தாழ 20. கார் திருட்டில் சிக்கி மிட்செலின் கைக்கு வந்தபோது ஓ'நீல் இன்னும் பதின்பருவத்தைத் தாண்டவில்லை. கலூயாவும் ஓ'நீலாக நடித்த லகீத் ஸ்டான்ஃபீல்டும் படப்பிடிப்பின்போது முப்பதை ஒட்டியவர்கள். அவர்கள் எவ்வளவு திறமையாக நடித்தாலும், திரையில் நாம் காண்பது தம் முடிவுகளை எடைபோட்டு எடுக்கக்கூடிய இரண்டு முதிர்ந்த ஆண்களை. அங்கே இருந்தவர்களோ கல்லூரியில் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படிக்கும் வயதினர்.

இது வெறும் தோற்றப் பொருத்தம் பற்றிய குறை அன்று. சிறைக்கு அஞ்சிய ஒரு விடலைப் பையனை வயதில் மூத்த ஓர் அரசு அதிகாரி மடக்கிப் பிடித்து, தந்தையைப் போல நடந்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் பிழிந்தெடுத்தார் என்று பார்த்தால் குற்றத்தின் எடை எந்தத் தட்டில் எவ்வளவு விழுகிறது என்பதே மாறிவிடும். முப்பது வயது முகத்தைக் காட்டினால் 'தெரிந்தே செய்தான்' என்ற தீர்ப்பு எளிதாக வந்துவிடும். ஹாம்ப்டன் பக்கமும் அப்படித்தான். ஐஸ்கிரீம் வண்டியிலிருந்து 71 டாலர் மதிப்புள்ள ஐஸ்கிரீமைப் பறித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார் என்ற வழக்கில் அவருக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு தோற்று, மறுபடியும் சிறைக்குப் போகவேண்டிய நிலையில், பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கும் துணையோடு இருந்த 21 வயது இளைஞர் அவர். படத்தில் அந்த இளமை ஓரிடத்தில் மட்டுமே எட்டிப் பார்க்கிறது: டெபோராவிடம் பேச வார்த்தை கிடைக்காமல் அவர் தடுமாறும் காட்சியில்.

வெண்திரை எழுதியது:

நெடுவழி சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பொன்னி அவர்கள் குறிப்பிட்ட கொலைக்காட்சி பற்றியும் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் என் முதற் குறையை விட்டுவிட மனம் வரவில்லை. அதைக் கொஞ்சம் துல்லியமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஓர் ஒற்றனால் இயக்கத்துக்கு நேரும் கேடு அவன் வெளியே கொண்டுபோகும் செய்தியோடு முடிவதில்லை. உள்ளே அவன் விட்டுச்செல்லும் ஐயம் அதைவிடக் கொடியது. ஓ'நீல் கட்சியின் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர், அதாவது ஒற்றர்களைக் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பில். காட்டிக்கொடுப்பவர்களை மிரட்டுவதற்கென்று மின்நாற்காலி ஒன்றை அவர் உருவாக்கினார் என்பது பதிவாகியுள்ளது. தம்மீது கண் விழாமலிருக்கப் பிறர்மீது பழிபோடும் உத்தி அது. 1969 மே மாதம் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் அலெக்ஸ் ராக்லி என்ற இளம் உறுப்பினரைத் தம் கட்சிக்காரர்களே ஒற்றன் என்று ஐயுற்று வதைத்துக் கொன்றார்கள். அவர் ஒற்றர் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. அந்தக் கொலையை முன்னின்று நடத்திய ஜார்ஜ் சாம்ஸ்தான் எஃப்.பி.ஐ. ஆள் என்பதுபோல் படம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அது இன்றுவரை குற்றச்சாட்டாக இருக்கிறதே ஒழிய மெய்ப்பிக்கப்படவில்லை.

படம் இங்கே தடுக்கி விழுகிறது என்பேன். சாம்ஸை அரசின் ஆளாக்கிவிட்டால் ராக்லியின் கொலை முழுவதும் அரசின் கணக்கில் போய்விடும், இயக்கத்தின் கை சுத்தமாகிவிடும். உண்மையிலேயே நம்பிக்கையுள்ள தோழர்கள், வெறும் அச்சத்தினால், குற்றமற்ற இன்னொரு தோழனைக் கொல்லும் நிலைக்கு எப்படி வந்தார்கள் என்பது இதைக் காட்டிலும் கனமான கேள்வி. துரோகத்தைப் பற்றிய படம் அந்தக் கேள்வியைத் தாண்டிச் சென்றிருக்கக் கூடாது.

பொன்னி எழுதியது:

அந்தப் பகுதியை நானும் அவசரமானது என்றே கருதுகிறேன். ஆயினும் பாதுகாப்புப் பொறுப்பாளரே ஒற்றர் என்பது அந்தக் காலத்தில் விதிவிலக்கன்று. 1965இல் மால்கம் எக்ஸ் சுடப்பட்டபோது அவர் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க முயன்ற ஜீன் ராபர்ட்ஸ், அவருடைய மெய்க்காவலர்களுள் ஒருவர், நியூயார்க் போலீசின் இரகசிய ஊழியரும்கூட. பிறகு அவர் கருஞ்சிறுத்தைக் கட்சிக்குள்ளும் நுழைந்து, அவர்களுக்கு எதிரான 'சிறுத்தைகள் 21' வழக்கில் சாட்சி சொன்னார். 1971 மே மாதம் நடுவர் குழு அவ்வழக்கில் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவர்களை விடுவித்தது. காட்டிக்கொடுக்கவும் உயிரைக் காக்கவும் ஒரே மனிதரால் முடிகிறது. ஸ்டான்ஃபீல்டின் முகத்தில் இந்த இரண்டும் மாறி மாறி வருகின்றன.

இடைச்செருகலாக ஒன்று: ஆஸ்கர் பரிந்துரையில் கலூயா, ஸ்டான்ஃபீல்ட் இருவருமே துணை நடிகர் பிரிவில் வந்தார்கள், கலூயா வென்றார். அப்படியானால் இந்தப் படத்தில் முதன்மை நடிகர் யார்? எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவராக வரும் மார்ட்டின் ஷீனா?

கரிசல்மண் எழுதியது:

தாமதமாக வருகிறேன். நம் பக்கத்து வாசகர்களுக்காக ஒரு குறிப்பு மட்டும்: 1972இல் மும்பையில் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் முதலியோர் தொடங்கிய தலித் பேந்தர்ஸ் இந்தக் கட்சியின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது. மதுரையில் மலைச்சாமி தொடங்கிய கிளையின் வழியே அந்தப் பெயர் தமிழகத்துக்கும் வந்தது. ஹாம்ப்டன் இறந்த மூன்று ஆண்டுக்குள் அந்தச் சொல் கடல் கடந்துவிட்டது.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். படத்தின் முடிவில் வரும் எழுத்துகளில் வழக்கு பற்றி ஓரிரு வரிகள் ஓடின. சுட்டவர்களில் எவராவது தண்டிக்கப்பட்டாரா?

ஆவணப்பித்தன் எழுதியது:

ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் அந்த ஓரிரு வரிகளுக்குள் 13 ஆண்டுகள் இருக்கின்றன, என் பார்வையில் இன்னொரு முழுப் படம் அதற்குள் இருக்கிறது.

முதலில் நடந்தது இது. கொலைக்குப் பின் போலீசார் அந்த வீட்டைப் பூட்டி முத்திரையிடாமல் போய்விட்டார்கள். சிறுத்தைகள் அதை மக்களுக்குத் திறந்துவிட்டனர். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று, துளைக்கப்பட்ட சுவர்களையும் இரத்தம் ஊறிய மெத்தையையும் பார்த்துச் சென்றார்கள். சிறுத்தைகள் உள்ளிருந்து சுட்டதற்கு ஆதாரம் என்று ஹான்ரஹன் தரப்பு கொடுத்த ஒளிப்படங்களை சிகாகோ டிரிபியூன் நாளிதழ் பெரிதாக வெளியிட்டது. கதவில் குண்டு துளைத்த அடையாளங்கள் என்று வட்டமிட்டுக் காட்டப்பட்டவற்றைப் பிற நிருபர்கள் நேரில் போய்ப் பார்த்தபோது அவை ஆணித் தலைகளாக இருந்தன. உயிர் பிழைத்த ஏழு பேர்மீது போடப்பட்ட கொலை முயற்சி வழக்கு 1970 மே மாதம் கைவிடப்பட்டது.

ஹான்ரஹன்மீதும் சிலர்மீதும் நீதியைத் தடுத்ததாக வழக்குத் தொடரப்பட்டு, 1972இல் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் அவ்வாண்டுத் தேர்தலில் கறுப்பின வாக்காளர்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அவருக்குக் கிடைத்த ஒரே தண்டனை அதுதான்.

குடும்பத்தினரும் பிழைத்தவர்களும் தொடுத்த உரிமையியல் வழக்கில் ஜெஃப்ரி ஹாஸ், ஃப்ளிண்ட் டெய்லர் ஆகிய இளம் வழக்கறிஞர்கள் 18 மாதம் விசாரணை நடத்தினார்கள். 1971இல் பென்சில்வேனியா மாநிலத்து மீடியா நகர எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் சிலர் இரவில் புகுந்து ஆவணங்களை எடுத்து வெளியிட்ட பிறகுதான் இயக்கங்களை உள்ளிருந்து குலைக்க எஃப்.பி.ஐ. நடத்திய இரகசியத் திட்டமான கோயின்டெல்ப்ரோவின் பெயரே நாட்டுக்குத் தெரிந்தது. ஓ'நீல் எஃப்.பி.ஐ. ஆள் என்பதுகூட 1973இல் வேறொரு வழக்கில் அவர் சாட்சி சொன்னபோதுதான் வெளிவந்தது. அதன்பின் அந்தத் தரைப்படமும் ஊக்கத்தொகைக் குறிப்பும் ஒவ்வொன்றாக நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தன. எல்லாம் வந்தும் 1977இல் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 1982இல் கூட்டாட்சி அரசும் குக் மாவட்டமும் சிகாகோ நகரமும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்காக 18.5 இலட்சம் டாலர் தர இசைந்தன. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் தந்த தொகை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெண்திரை, பொன்னி இருவருக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். படத்தின் இறுதியில் உண்மையான ஓ'நீல் பேசும் துண்டு வருகிறதல்லவா? 1989 ஏப்ரலில், 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' ஆவணத்தொடருக்காக அவர் அளித்த நேர்காணல் அது. அதன் முழு எழுத்து வடிவத்தை செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம் இணையத்தில் எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. அதைப் படத்துக்குப் பிறகு படிப்பதைவிட, முன்பே படித்துவிட்டுப் படத்துக்குள் போவது நல்லது. தாம் போராட்டத்தின் ஓர் அங்கமாக இருந்ததாக அவர் அதில் உரிமை கொண்டாடுகிறார். உட்கார்ந்த இடத்திலிருந்து புரட்சி பேசியவர்களைவிடத் தாம் மேல் என்கிறார். மிட்செலைப் பற்றிப் பேசும்போது ஒரு முன்மாதிரியைப் பற்றிப் பேசுபவர்போல் மரியாதையாகப் பேசுகிறார். ஹாம்ப்டனைப் பற்றியும் அதே மரியாதைதான். கேள்வி கேட்பவர் அவரைக் கடிந்துகொள்ளவே இல்லை என்பதால், அவர் தம்மைத்தாமே எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்று தடுமாறுவது தெளிவாகத் தெரிகிறது. அத்தொடரின் இரண்டாம் பகுதி ஒளிபரப்பாகத் தொடங்கிய 1990 சனவரி 15ஆம் நாளிலேயே அவர் சிகாகோ நெடுஞ்சாலை ஒன்றில் ஓடும் வாகனங்களுக்கு நடுவே பாய்ந்து இறந்தார். தற்கொலை என்று பதிவாயிற்று.

மிட்செலை எவரும் அப்படி உட்காரவைத்து, மகனிடம் இதைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று கேட்கவில்லை. படமும் அந்தக் கேள்வியை ஓ'நீலிடம்தான் கேட்கிறது. வெண்திரையின் குறையில் நான் ஏற்றுக்கொள்வது அந்தப் பகுதியைத்தான்.